வானத்தின் கூரையை அளந்தவர்

சூரிய கிரகணம் நெருங்கும்போதெல்லாம் நம் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் கண்ணைப் பற்றியே பேசுகின்றன. எந்தக் கண்ணாடி அணிய வேண்டும், எந்த நேரத்தில் பார்க்கலாம், எப்போது கோயில் நடை சாத்தப்படும் என்பனவே செய்திகள். காதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால், கிரகணத்தைக் காதாலும் அறியலாம். பகலில் ஒருபோதும் எட்டாத தொலைதூர வானொலி நிலையமொன்று, நிலவின் நிழல் கடந்துபோகும் சில நிமிடங்களுக்கு மத்திய அலையில் மெல்ல எழுந்து, மீண்டும் அமிழ்ந்துவிடுவது உண்டு.

இந்த விந்தைக்குப் பின்னால் இருக்கும் இயற்பியலை உலகுக்கு உறுதிப்படுத்தியவர்களில் முதன்மையானவர் எட்வர்ட் விக்டர் ஆப்பிள்டன். 1947-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைத் தனியொருவராகப் பெற்றவர். பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்ற நான் ஓர் இயற்பியலாளரைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. பயன் என்னவென்று முன்கூட்டியே சொல்ல முடியாத ஆய்வுக்குப் பொதுப் பணத்தைச் செலவிடலாமா என்ற கேள்வி பொருளாதார வகுப்பறையில் ஓயாமல் எழுவது. ஆப்பிள்டனின் வாழ்க்கை அக்கேள்விக்கு ஒரு நீண்ட விடை.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். மத்திய அலை வானொலியோடு வளர்ந்த என் தலைமுறையினருக்கு ஓர் அனுபவம் பொதுவானது. பகலில் அண்மை நிலையங்கள் மட்டுமே ஒலித்த அதே வானொலிப் பெட்டியில், இரவு ஒன்பது மணிக்கு மேல் மொழி புரியாத நிலையங்களெல்லாம் வந்து குவியும். பெட்டியிலும் மாற்றமில்லை, ஒலிபரப்பியிலும் மாற்றமில்லை. மாறியது வானம்.

தரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டருக்கு மேல், சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் காற்றின் அணுக்களிலிருந்தும் மூலக்கூறுகளிலிருந்தும் எலெக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கின்றன. இவ்வாறு மின்னூட்டம் பெற்ற பகுதியையே அயனி மண்டலம் என்கிறோம். அதில் பல அடுக்குகள். ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் வரை இருப்பது டி அடுக்கு. அதற்கு மேலே இ அடுக்கு. இன்னும் உயரே எஃப் அடுக்கு. டி அடுக்கில் காற்றின் அடர்த்தி அதிகம். பகலில் மேல்நோக்கிச் செல்லும் மத்திய அலை அங்குள்ள எலெக்ட்ரான்களை அசைக்கிறது. அவை அருகிலுள்ள மூலக்கூறுகளோடு மோதி, பெற்ற ஆற்றலை வெப்பமாக இழக்கின்றன. அலை மேலே போவதற்குள் மடிந்துவிடுகிறது. சூரியன் மறைந்ததும் டி அடுக்கின் எலெக்ட்ரான்கள் விரைவில் அயனிகளோடு சேர்ந்து மறைகின்றன. தடை விலகியதும் அலை மேலடுக்குகளை எட்டி, அங்கிருந்து வளைந்து, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் தரையிறங்குகிறது. கிரகணம் என்பது இந்தக் கணக்கில் சில நிமிட இரவு.

இன்று பள்ளிப் பாடமாகிவிட்ட இச்செய்தி 1924 வரை வெறும் ஊகமாகவே இருந்தது. 1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி இங்கிலாந்தின் கார்ன்வால் கரையிலிருந்து அனுப்பிய குறிப்பலை அட்லாண்டிக் கடலைக் கடந்து நியூஃபவுண்ட்லாந்தை எட்டியதாக அறிவித்தார். பூமியோ உருண்டை, அலைகளோ நேர்கோட்டில் செல்பவை. வளைந்த கடலை அவை எப்படித் தாண்டின? 1902-இல் அமெரிக்காவில் ஆர்தர் கென்னலியும் இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைடும் தனித்தனியே ஒரே விடையை முன்வைத்தார்கள். வளிமண்டலத்தின் உச்சியில் மின் கடத்தும் அடுக்கொன்று இருக்க வேண்டும், அது அலைகளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார்கள். அந்த அடுக்கை நேரடியாக அளந்தவர் எவரும் அப்போது இல்லை.

மார்க்கோனியின் சோதனை நடந்தபோது ஆப்பிள்டனுக்கு வயது 9. யார்க்ஷர் மாவட்டத்தின் கம்பளி ஆலை நகரான பிராட்ஃபோர்டில் 1892 செப்டம்பர் 6 அன்று பிறந்தவர். தந்தை ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தார். பல்கலைக்கழகம் என்பது அக்குடும்பத்தின் எட்டாக் கனி. உள்ளூர் ஹான்சன் பள்ளியில் பயின்று, உதவித்தொகை பெற்று, கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குள் நுழைந்தார். 1914-இல் இயற்பியலில் முதல் வகுப்பு. உதவித்தொகை என்ற ஏணி இல்லாவிட்டால், அந்தக் கிடங்கு ஊழியரின் மகன் எங்கே நின்றிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒரு சமூகம் தன் ஏழைக் குழந்தைகளுக்குச் செய்யும் செலவு எந்த வழியில் திரும்பி வரும் என்பதை எந்த வரவு செலவுத் திட்டமும் கணித்ததில்லை.

படிப்பு முடிந்த ஆண்டிலேயே முதல் உலகப் போர் மூண்டது. படையில் சேர்ந்த ஆப்பிள்டன் பொறியாளர் பிரிவில் செய்தித் தொடர்புப் பணிக்கு அனுப்பப்பட்டார். வெற்றிடக் குழாய்களும் கம்பியில்லாத் தந்தியும் அவருக்கு அங்கேதான் அறிமுகமாயின. போர் முடிந்து கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்துக்குத் திரும்பியபோது அதன் தலைவராக ரூதர்ஃபோர்டு இருந்தார். அணுக்கருவைப் பிளப்பதே அக்கால ஆய்வகத்தின் பெருங்கனவு. ஆப்பிள்டனோ வானொலிக் குறிப்பலைகள் இரவில் ஏன் ஏறி இறங்குகின்றன என்ற, பலருக்கு அற்பமாகத் தோன்றிய கேள்வியைக் கையில் எடுத்தார்.

1922-இல் பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. வீடுகளில் கேட்போர் ஒரு குறையைச் சொன்னார்கள்: பகலில் நிலையாக ஒலிக்கும் நிகழ்ச்சி இரவில் திடீரெனத் தேய்ந்து, மீண்டும் வலுக்கிறது. ஆப்பிள்டன் காரணத்தை ஊகித்தார். தரையோடு ஊர்ந்து வரும் அலையும் வானில் பட்டுத் திரும்பும் அலையும் வானொலிப் பெட்டியில் சந்திக்கின்றன. இரண்டின் முகடுகளும் பொருந்தினால் ஒலி வலுக்கும், முகடும் பள்ளமும் சந்தித்தால் தேயும். அப்படியானால் அலைவரிசையைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போனால், ஒலி எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கையிலிருந்து இரு பாதைகளின் நீள வேறுபாடும், அதிலிருந்து அடுக்கின் உயரமும் கிடைத்துவிடும். பள்ளி மாணவரும் பின்தொடரக்கூடிய எளிய தருக்கம் அது.

1924-இல், 32-ஆம் வயதில், லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பேராசிரியரானார். அவ்வாண்டு டிசம்பர் 11 இரவு, வழக்கமான நிகழ்ச்சிகள் முடிந்த பின், தென்கரையிலுள்ள போர்ன்மவுத் வானொலி நிலையம் ஆய்வுக்காக இயங்கியது. நியூசிலாந்திலிருந்து வந்த ஆய்வு மாணவரான மைல்ஸ் பார்னெட்டும் ஆப்பிள்டனும் ஆக்ஸ்ஃபோர்டில் கருவியோடு காத்திருந்தனர். அலைவரிசை மெல்ல நகர, குறிப்பலை ஏறி இறங்கியது. கணக்கிட்டால், அடுக்கின் உயரம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். இருபத்திரண்டு ஆண்டுக்கால ஊகம் ஒரே இரவில் அளவிடப்பட்ட உண்மையாயிற்று. வறுமையிலும் தனிமையிலும் வாழ்ந்த ஹெவிசைடு 1925 பிப்ரவரியில் காலமானார். அவர் சொன்னது மெய்யென்று காட்டிய அளவீடு அவருடைய கடைசி மாதங்களில் நிகழ்ந்தது என்பது காலத்தின் கருணை.

இரண்டாண்டுகளில் ஆப்பிள்டன் இன்னும் உயரே சென்றார். விடியலுக்கு முன் கீழடுக்கு மெலிந்திருக்கும் வேளையில், அலைகள் அதைத் துளைத்துக்கொண்டு 230 கிலோமீட்டர் அளவிலுள்ள மற்றொரு அடுக்கில் பட்டுத் திரும்புவதைக் கண்டார். அதுவே ஆப்பிள்டன் அடுக்கு எனப் பெயர் பெற்றது. முதல் அடுக்கைக் குறிக்கத் தன் ஏட்டில் மின்புலத்துக்கான இ என்ற எழுத்தை இட்டிருந்தார். மேலடுக்குக்கு எஃப் என்றார். கீழே வேறு அடுக்குகளைப் பிறர் கண்டுபிடிக்கக்கூடும் என்று முன்னெழுத்துகளை விட்டு வைத்தார். பின்னாளில் டி அடுக்குக்கு அந்த இடம் கிடைத்தது. தமக்குப் பின் வருவோருக்கு இடம் ஒதுக்கிப் பெயரிடும் அடக்கம் ஆய்வுலகில் அரிது.

அடுத்து எழுந்த கேள்வி, எலெக்ட்ரான்களைப் பிரிப்பது எது என்பது. சூரிய ஒளியா, சூரியனிலிருந்து பாய்ந்துவரும் துகள்களா? பகலும் இரவும் இதைத் தீர்க்க உதவவில்லை. இரண்டுமே சூரியனோடு சேர்ந்து மாறுபவை. ஆய்வுக்கூடத்தில் சூரியனை நிறுத்தி வைத்துப் பார்க்க இயலாது. அந்தப் பணியை நிலவு செய்து கொடுத்தது.

1927 ஜூன் 29 அன்று காலை, ஆறரை மணிக்குச் சற்று முன்னர், இங்கிலாந்தின் வடபகுதி மீது முழு கிரகணம் நிகழ்ந்தது. 1724-க்குப் பின் பிரிட்டனின் பெருநிலப் பகுதியில் தெரிந்த முதல் முழு கிரகணம் அது. ஆப்பிள்டன் பிறந்த யார்க்ஷரும் நிழலின் பாதையில் இருந்தது. சிறப்பு ரயில்களில் மக்கள் திரண்டனர். பெரும்பாலான இடங்களில் மேகம் கவிந்து காட்சியைக் கெடுத்தது. கிகிள்ஸ்விக் என்ற ஊரில் மட்டும் மேகம் விலகி, 24 விநாடிகள் முழு மறைப்பு தெரிந்தது. வானொலி அலைகளுக்கோ மேகம் ஒரு பொருட்டே அல்ல. கருவிகளோடு காத்திருந்த ஆப்பிள்டன் குழுவினர், சூரியன் மறைபடுகையில் அலையைத் திருப்பும் அடுக்கின் உயரம் கூடுவதையும், காலைப் பொழுதிலேயே இரவின் நிலைமைகள் தலைகாட்டுவதையும் பதிவு செய்தனர்.

இதன் பொருள் ஆழமானது. ஒளி சூரியனிலிருந்து 8 நிமிடங்களில் வந்து சேர்கிறது. துகள்கள் அதைவிட மிக மெதுவாக வருபவை. ஆகவே, நிலவு துகள்களை மறைக்கும் நேரம் நம் கண் காணும் கிரகணத்தோடு பொருந்தாது. சிட்னி சாப்மன் கணக்கிட்டபோது, துகள் கிரகணம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முந்தியே நிகழ வேண்டும் என்று தெரிந்தது. 1932 ஆகஸ்ட் 31 அன்று வட அமெரிக்காவில் நிகழ்ந்த முழு கிரகணத்தின்போது பல நாட்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தனர். ஒளி மறைந்த அதே வேளையில்தான் அடுக்கின் எலெக்ட்ரான்கள் குறைந்தன. அயனி மண்டலத்தை ஆக்குவதில் முதன்மைப் பங்கு சூரியனின் புற ஊதா ஒளிக்கே என்பது உறுதியாயிற்று.

இப்போது பொருளாதாரத்துக்கு வருகிறேன். பிரிட்டிஷ் அரசு 1920-இலேயே வானொலி ஆய்வு வாரியம் ஒன்றை அமைத்திருந்தது. ஆப்பிள்டனின் பணிக்கு அது துணை நின்றது. ஒலிபரப்பு நிறுவனம் அப்போது தனியார் கூட்டு நிறுவனம். கேட்போர் செலுத்திய உரிமக் கட்டணமும் வானொலிப் பெட்டி உற்பத்தியாளர்களின் பணமும் அதன் வருவாய். அந்நிறுவனம் தன் ஒலிபரப்பியை நள்ளிரவுக்குப் பின் ஆய்வுக்குத் தந்தது. வானத்தின் உயரத்தை அறிவதால் எவருக்கு எவ்வளவு இலாபம் என்று அன்று யாரேனும் கேட்டிருந்தால், ஆப்பிள்டனிடம் விடை இருந்திருக்காது.

விடை பத்தாண்டுகளுக்குள் வந்தது. அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதிலிருந்து தொலைவை அறியும் கலை அயனி மண்டல ஆய்வில் வளர்ந்தது. வானத்தின் அடுக்குக்குப் பதிலாக விமானத்தை வைத்தால் அதுவே ரேடார். 1935 பிப்ரவரியில் பிரிட்டனின் முதல் ரேடார் சோதனையை நடத்திய ராபர்ட் வாட்சன் வாட் இதே அயனி மண்டல ஆய்வாளர் வட்டத்தைச் சேர்ந்தவர். 1940-இல் ஜெர்மானிய விமானங்கள் வந்தபோது அந்நாட்டைக் காத்தவற்றுள் ரேடார் முக்கியமானது. ஓர் அறிவு எவரால் பணம் கட்டப்பட்டதோ அவருக்கு மட்டும் பயன்படுவதில்லை. எனவே தனியார் சந்தை அதைப் போதுமான அளவு வாங்காது. இக்கருத்தை விளக்க நாங்கள் வழக்கமாகக் காட்டும் உதாரணம் கலங்கரை விளக்கம். அதைவிடப் பொருத்தமான உதாரணம் 1924 டிசம்பரின் அந்த இரவு.

ஆப்பிள்டனின் பிற்கால வாழ்க்கை பெரிதும் நிர்வாகத்தில் கழிந்தது. 1936-இல் கேம்பிரிட்ஜுக்குப் பேராசிரியராகத் திரும்பியவர், 1939-இல் அரசின் அறிவியல் தொழில் ஆய்வுத் துறையின் செயலரானார். போர்க்காலம் முழுவதும் அப்பொறுப்பில் இருந்தார். பிரிட்டனின் அணு ஆயுத ஆய்வும் அத்துறையின் கீழ்தான் தொடங்கியது என்பதை மறைப்பதற்கில்லை. வானத்தை அளந்த கை, பேரழிவுக்கான கோப்புகளிலும் கையெழுத்திட்டது. 1949 முதல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் துணைவேந்தராகவும் இருந்து, அப்பதவியிலேயே 1965 ஏப்ரல் 21 அன்று மறைந்தார். இத்தனை பொறுப்புகளுக்கிடையிலும் அயனி மண்டலத் தரவுகளை அவர் கைவிடவில்லை.

அந்த விடாமுயற்சியின் பயன்களில் ஒன்று நம் மண்ணைத் தொடுகிறது. நண்பகல் சூரியன் தலைக்கு மேல் நிற்கும் நிலநடுக்கோட்டுப் பகுதியில் எலெக்ட்ரான்கள் மிகுதியாக இருக்க வேண்டும் என்பதே எவரும் எதிர்பார்ப்பது. பல நாட்டு நிலையங்களின் பதிவுகளை ஒப்பிட்ட ஆப்பிள்டன், 1946-இல் இதற்கு மாறான உண்மையை வெளியிட்டார். காந்த நடுக்கோட்டின் மேல் எஃப் அடுக்கு மெலிந்தும், அதற்கு வடக்கிலும் தெற்கிலும் செறிந்தும் இருக்கிறது. ஆப்பிள்டன் முரண் என்று இதனைச் சொல்வார்கள். நடுக்கோட்டில் மேலெழும் எலெக்ட்ரான்கள், நீரூற்றுபோல், பூமியின் காந்தக் கோடுகள் வழியே இருபுறமும் வழிந்து இறங்குவதே காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. அந்தக் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையைக் கடந்து செல்கிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும், திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இயங்குவதற்கும் அதுவே காரணம்.

கொல்கத்தாவில் சிசிர் குமார் மித்ரா இதே துறையில் உலகத் தரமான பணியைச் செய்தார். அயனி மண்டலம் பற்றி அவர் எழுதி 1947-இல் வெளிவந்த நூல் பல நாட்டு ஆய்வாளர்களின் கைநூலாயிற்று. ஆனால், பிரிட்டனில் 1920-இல் அமைந்த வானொலி ஆய்வு வாரியத்தைப் போன்றதோர் அமைப்பு, அடிமை இந்தியாவில் மித்ராவின் தலைமையில் உருவாக 1942 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திறமையில் இருவருக்கும் இடையே இருந்த தொலைவைவிட, அவர்களின் நாடுகள் அளித்த வாய்ப்புகளுக்கு இடையே இருந்த தொலைவு மிகப் பெரிது.

இன்று உலகெங்கும் மத்திய அலை ஒலிபரப்பிகள் ஒவ்வொன்றாக அணைக்கப்படுகின்றன. மின் செலவு அதிகம், கேட்போர் குறைவு என்பது காரணம். கணக்கு தவறில்லை. ஆயினும் அக்கணக்கில் ஒரு வரவு விடுபட்டிருக்கிறது. மத்திய அலை ஒலிபரப்பி என்பது இரவும் பகலும் வானத்தைத் தட்டிப் பார்க்கும் கருவியும் ஆகும். அமெரிக்காவில் 2017, 2024 ஆகிய ஆண்டுகளின் முழு கிரகணங்களின்போது, பொழுதுபோக்கு வானொலியாளர்கள் அறிவியலாளர்களோடு இணைந்து குறிப்பலைகளின் மாற்றங்களைப் பதிவு செய்தார்கள். அவர்களிடம் இருந்தவை சாதாரணக் கருவிகளும் பொறுமையும்தான்.

2031 மே 21 அன்று, நண்பகலை ஒட்டி, தென் தமிழகத்தின் மீது வளைய கிரகணம் கடந்து செல்ல இருக்கிறது. காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகே, உச்சி வெயிலில், ஆப்பிள்டன் முரண் நிலவும் வானத்தின் கீழே நிகழப்போகும் அரிய வாய்ப்பு இது. மதுரை, நெல்லை வட்டாரக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகள் இப்போதே ஆயத்தமாகலாம். பழைய வானொலிப் பெட்டி, குறிப்பலையின் வலிமையைப் பதியும் ஓர் எளிய கருவி, கிரகணத்துக்கு முன்னும் பின்னும் சில நாள்களின் ஒப்பீட்டுப் பதிவுகள் ஆகியவை போதும்.

அதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. அன்றைக்கு ஒலிக்கச் சில மத்திய அலை நிலையங்களாவது நம் நாட்டில் எஞ்சியிருக்க வேண்டும். ஒலிபரப்பிகளை மூடுவதா, காப்பதா என்று முடிவெடுக்கும் அதிகாரிகள், கேட்போர் எண்ணிக்கையோடு இந்தத் தேதியையும் கோப்பில் குறித்துக்கொள்வது நல்லது.